பசு கொடுத்த அரை டஜன்

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. மாத்திரையாலா, நான் மாடிப்படி ஏற விடாததாலா, தெரியவில்லை. மற்ற செய்தியெல்லாம் போனில் சொல்லியாயிற்று. போனில் சொன்னால் பாதி ருசி போய்விடும் ஒரு விஷயத்துக்காகத்தான் இந்தக் கடிதம். முந்தாநாள் நானும் அப்பாவும் சேர்ந்து ஒரு குறுக்கெழுத்துப் புதிரை முடித்தோம். கண்ணால் பார்த்தால்தான் அது விளங்கும்.

மேல் வீட்டு மாமா தமிழ் வாத்தியாராக இருந்தவர் என்பது உனக்குத் தெரியும். ஓய்வு பெற்றபின் மாதம் ஒரு புதிர் போட்டு, ஜெராக்ஸ் எடுத்து, நடைப்பயிற்சிக் கூட்டத்துக்குக் கொடுக்கிறார். வாரப் பத்திரிகைகளில் வருகிற மாதிரி 'வலமிருந்து இடம்', 'கீழிருந்து மேல்' என்று பின்னோக்கி எழுத வைப்பது அவருக்குப் பிடிக்காது. "கட்டத்துல வார்த்தை அடங்கலேன்னா திருப்பிப் போட்டுட வேண்டியதா?" என்பார். "தலைநகர், மூன்றெழுத்து" என்று பொது அறிவுத் தேர்வு வைப்பதும் அவரிடம் குறைவு. அவருடைய பெரும்பாலான துப்புகளில் இரண்டு பங்கு இருக்கும். ஒரு பங்கு விடையின் பொருளைச் சொல்லும். இன்னொரு பங்கு அந்த விடையை எழுத்து எழுத்தாகக் கட்டிக் காட்டும். எது எந்தப் பங்கு என்று மட்டும் சொல்லமாட்டார். வீண் சொல் ஒன்றுகூட இருக்காது. துப்பு பொய் சொல்லக் கூடாது, ஆனால் ஆளை ஏமாற்றலாம், அதுதான் அவருடைய சட்டம்.

ஒன்று சொல்கிறேன் பார். "சிவா திரும்பிய படி (2)." அடைப்புக்குள் இருப்பது விடையின் எழுத்துக் கணக்கு. வாசித்ததும் யாரோ ஒரு பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பது போலத் தோன்றுகிறதா? அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம். 'சிவா'வைத் திருப்பினால் 'வாசி'. வாசி என்றால் படி. அந்தப் பையன் துப்பில் இல்லவே இல்லை, நம் தலைக்குள்தான் நின்றுகொண்டிருந்தான். இதைக் கண்டுபிடித்ததும் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அடுப்பில் ரசம் பொங்கியதற்கு அதுதான் காரணம் என்று அப்பா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இந்த மாதப் புதிருக்கு ஒரு கரு உண்டு, ஆறு விடைகள் அதைச் சேர்ந்தவை என்று மேலே எழுதியிருந்தார். கரு என்ன என்று சொல்லவில்லை. தலைப்பு மட்டும்: 'அரை டஜன்'.

உன் அப்பாவுக்கு அது போதாதா? "ஆறுன்னா அறுபடை வீடுதான், வேற என்ன?" என்று பேனாவை எடுத்தார். பென்சில் எடுங்கள் என்றேன், கேட்கவில்லை. 'கேட்டதைக் கொடுக்கும் மரம் (5)' என்ற எளிய துப்புக்குக் கற்பகம் போட்டாயிற்று. 'ஏழரை ஆண்டு தங்கும் விருந்தாளி (2)' சனி. கற்பகத்தின் 'ப'விலிருந்து கீழே இறங்கி, சனியின் 'னி'யில் முடியும் ஒரு மூன்றெழுத்துச் சொல் வேண்டும். துப்பு: "பனிக்குள்ளே வா, அம்மன் தெரிவாள்." அப்பா துப்பைப் பாதிதான் படித்தார். ப, நடுவில் ஒன்று, னி. பழனி! மையால் எழுதியே விட்டார். "மலை உச்சியில பனி இருக்காதா? அம்மன் சன்னதியும் இருக்குமே" என்று விளக்கம் வேறு. அதன் பிறகு ஒரு மணி நேரம் சுவாமிமலைக்கு ஐந்து கட்டம் தேடிக்கொண்டிருந்தார். ஐந்து கட்டத்தில் ஒன்றுதான் கிடைத்தது, 'இந்திரன் அரசாளும் ஊர்' என்ற துப்போடு. அது அமராவதி என்பது இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். இந்திரனுக்கும் முருகனுக்கும் மாமனார் மருமகன் உறவு, அதனால் இதுவும் அறுபடை வீட்டுக் கணக்குதான் என்று அதையும் சேர்த்துக்கொண்டார். நம்புகிறவனுக்கு எல்லாமே சாட்சி.

கதவு திறந்தது எனக்குத்தான். "பசு கொடுத்த அரை டஜன், வேலூரில் மணலாய்க் கிடக்கும் (3)." பசு கொடுப்பது பால். அரை டஜன் ஆறு. பால், ஆறு, பாலாறு! வேலூர்க்காரர்களுக்கு அது பெரும்பாலும் மணல்தானே. தலைப்பில் இருந்த ஆறு எண்ணே இல்லை, ஓடுகிற ஆறு. அதுவும் ஆறு ஆறுகள்!

அந்த ஒரு நிமிஷம் இருக்கிறதே, பாப்பா, அதற்காகத்தான் கருவோடு புதிர் போடுகிறார்கள். தனித் துப்பு அவிழ்ந்தால் ஒரு சொல் கிடைக்கும். கரு அவிழ்ந்தால், ஏற்கெனவே எழுதி வைத்த சொல்லெல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். அமராவதி சட்டென்று இந்திரலோகத்தை விட்டு இறங்கி, கரூர்ப் பக்கம் வந்து காவிரியில் கலந்தது. பழனியின் மேல் அப்பா அடித்துத் திருத்திப் பவானி எழுதினார். 'பனி'க்குள்ளே 'வா' போய் உட்கார்ந்தால் ப-வா-னி. துப்பு எவ்வளவு வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது! அம்மன் பெயர்தான், ஆற்றின் பெயரும்தான்.

மீதி மூன்றும் மளமளவென்று வந்தன. "வால் அறுந்த செம்பும் ஒரு நட்சத்திரமும் பழைய இலங்கை (6)": தாமிரத்தில் 'ம்' போனால் தாமிர, கூடப் பரணி. இலங்கைக்கு அந்தப் பெயர் ஒரு காலத்தில் இருந்தது என்பதை மாமா எங்கிருந்தோ தோண்டி எடுத்து, திருநெல்வேலியை மறைக்கப் பயன்படுத்தியிருக்கிறார். "சோலை பரப்பு (3)": சோலைக்குக் கா, பரப்பு என்பதற்கு விரி. பிரித்தால் சொல் விளையாட்டு, சேர்த்தால் அந்த ஆறு செய்கிற வேலையே அதுதான். துப்பு முழுவதும் இரண்டு பங்காகவும் இருக்கிறது. இந்த மாதிரி ஒன்று அமைவது போடுகிறவருக்கும் அபூர்வம்.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசி. "பதி கரம், தாகம் தீர்க்கும் (2)." கணவன் தண்ணீர் மொண்டு கொடுக்கிறான் போல இருக்கிறது, இல்லையா? (நம் வீட்டில் நடக்கிற காரியமா என்று அப்பாவைப் பார்த்தேன். அவர் நிமிரவில்லை.) முத்திரை பதி என்றாலும் வை என்றாலும் ஒன்று. கரம் என்றால் கை. வைகை. மீனாட்சி கல்யாணத்தில் மலை மலையாய் இருந்த சோற்றைத் தின்றுவிட்டுக் குண்டோதரன் தாகத்தால் தவித்தான், சிவன் 'வை கை' என்றார், வைத்த இடத்தில் ஆறு வந்தது என்று மதுரையில் கதை சொல்வார்கள். அந்தக் கதையே ஒரு துப்புதான். இந்தக் கதைக்காகவே மாமா 'பதி' என்ற சொல்லை எடுத்திருக்கிறார். சிவனும் பதிதானே.

நாம் குடியிருக்கும் ஊரை நினைத்தால் இதெல்லாம் ஆச்சரியமில்லை. திருவானைக்கா அகிலாண்டேஸ்வரி வாயில் தாம்பூலம் உமிழ்ந்ததால்தான் மடைப்பள்ளிக்காரர் காளமேகம் கவியானார் என்கிறார்கள். பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் அடைத்தவர் அவர். பிண்ணாக்கு என்ற சொல் எள்ளுக்குப் போனால் மாட்டுத் தீனி, பாம்புக்குப் போனால் பிளந்த நாக்கு. கட்டம் மட்டும்தான் வெளியூரிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் உன் லீட்ஸிலிருந்து எட்டிப் போகிற தூரத்தில் இருக்கும் லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின் என்பவர்தான் 1913 டிசம்பர் 21-இல் நியூயார்க் வேர்ல்டு பத்திரிகையில் முதல் புதிரைப் போட்டாராம். வைரக்கல் வடிவில் இருந்ததாம்.

அந்தக் கட்டத்தைத் தமிழுக்குக் கொண்டுவருவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மாமா சொல்லும்வரை நான் யோசித்ததே இல்லை. ஆங்கிலத்தில் 26 எழுத்து, எதிலிருந்தும் ஒரு சொல் தொடங்கலாம். நமக்கு 247. 'பா'வும் 'ப'வும் வேறு வேறு என்பதால் பாலாறும் பவானியும் முதல் கட்டத்தில் சந்திக்கவே முடியாது. போதாததற்கு மெய்யெழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது. 'கற்பகம்' என்று குறுக்கே போட்டுவிட்டால் 'ற்', 'ம்' இரண்டு கட்டத்திலிருந்தும் கீழே ஒரு சொல்லையும் தொடங்க முடியாது. அந்தக் கட்டத்தில் வேறு சொல் வந்து முடியலாம், குறுக்கே கடந்து போகலாம், அவ்வளவுதான். தமிழில் பாதிச் சொல் 'ம்'மில் முடிகிறது என்பதால் மாமாவின் கட்டங்களில் கீழ்மூலையெல்லாம் ஒரே 'ம்' ஆக இருக்கும். போன மாதம் அதைச் சொல்லிக் கிண்டல் செய்தேன். "நீங்க போட்டுப் பாருங்கம்மா" என்றார். அதற்குப் பிறகு வருகிறேன்.

நீ ரயிலில் கார்டியன் பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு புதிர் போடுகிறவர்களைப் பற்றிச் சொன்னாயே. அந்தப் பத்திரிகையில் பல பத்தாண்டுகள் அரௌகாரியா என்ற பெயரில் புதிர் போட்டவரைப் பற்றி அப்பா படித்துச் சொன்னார். நிஜப் பெயர் ஜான் கிரஹாம், பாதிரியார். அரௌகாரியா ஒரு மரம். நம் ஊரில் டிசம்பரில் தொட்டியில் வைத்து கிறிஸ்துமஸ் மரம் என்று விற்பதும் அந்த ஜாதிதான். அதில் ஒரு வகைக்கு உங்கள் ஊரில் 'மங்கி பசில்', அதாவது குரங்குப் புதிர், என்று பெயர். தன் பெயரையே துப்பாக வைத்துக்கொண்ட ஆள்! 2013 ஜனவரியில் வந்த அவருடைய ஒரு புதிரின் மேலே ஒரு குறிப்பு இருந்தது: அரௌகாரியாவுக்கு 19-இல் 18 இருக்கிறது, அதற்கு 13, 15 நடக்கிறது. போட்டு முடித்தவர்களுக்குத்தான் அது புரிந்தது. 18-ஆம் விடை புற்றுநோய். 19 உணவுக்குழாய். 13, 15 சேர்ந்தால், குணமாக்க முடியாதபோது வலியைத் தணிக்கச் செய்யும் மருத்துவம். தன் வாசகர்களிடம் அவர் அதைத் தானாகச் சொல்லவில்லை, அவர்கள் கையாலேயே எழுத வைத்தார். அந்த வருஷம் நவம்பரில் போய்விட்டார், வயது 92.

அப்பா இதைச் சொல்லி முடித்ததும், "என்ன மனுஷன்!" என்று மட்டும் சொன்னார். நான் உன்னை நினைத்துக்கொண்டேன். பயப்படாதே, நோயை நினைத்து அல்ல. நீ போனில் சொல்லும் "நல்லா இருக்கேம்மா"வை நினைத்து. அதில் எது பொருள், எது விளையாட்டு என்று எனக்கு எப்போதும் பிரிக்க வருவதில்லை. நேராகச் சொல்ல ஒரு நாள் வாய் வராவிட்டால் கட்டம் போட்டாவது அனுப்பு. அவிழ்க்க இங்கே இரண்டு பேர் இருக்கிறோம், ஒருவர் பேனாவோடு.

சரி, மாமாவின் சவாலுக்கு வருகிறேன். ஆறு ஆறுகளைச் சொன்னவர், நமக்கு ரொம்பப் பக்கத்தில் ஓடுகிற ஒன்றை விட்டுவிட்டார். விட்டதா, வேண்டுமென்றே ஒதுக்கியதா, கேட்கவில்லை. இரண்டு நாளாகப் பாத்திரம் தேய்க்கும்போதும் அதே யோசனை. நேற்று ராத்திரி அமைந்துவிட்டது. இதோ என் முதல் துப்பு:

"வாங்கு, மனை! காவிரி தன் வெள்ளத்தை இங்கே தள்ளிவிடும் (5)."

வெள்ளம் வரும் இடத்தில் மனை வாங்கச் சொல்லும் தரகர் பேச்சு மாதிரி வந்திருக்கிறதா? மாமா படித்துவிட்டுப் புணர்ச்சி விதிகூடச் சரியாக இருக்கிறது என்றார். 'வீண் சொல் இல்லை' என்று அவர் வாயால் வாங்கிவிட்டேன். எனக்கு அது போதும்.

விடை தெரிந்தால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதே. அப்பா காலையிலிருந்து அதோடுதான் உட்கார்ந்திருக்கிறார். மையால் 'பள்ளிகொண்டா' என்று எழுதியிருக்கிறார். அது ஆறெழுத்து என்று நான் சொல்லப் போவதில்லை.

அன்புடன்,
அம்மா
திருவானைக்காவல்