லாங்ஸ்டனை எனக்கு வாசித்துக் காட்டியவருக்கு

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கறுப்பின வழக்கறிஞரும் அரசியல்வாதியுமான ஜான் மெர்சர் லாங்ஸ்டனைப் பற்றி நான் எழுதிய வாழ்க்கை வரலாறு நேற்று அச்சுக்குப் போய்விட்டது. இடையில் என் கண்பார்வை மங்கி, வாசிக்க முடியாமல் போனதை நீங்கள் அறிவீர்கள். அதை மறுபடி எழுதப் போவதில்லை. சிகிச்சைக்குக் கைகொடுத்தவர்கள், மருத்துவமனைக்கு அழைத்துப் போனவர்கள், நான் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்த பிள்ளைகள், மெய்ப்புப் பார்த்தவர்கள் அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி.

ஒருவரைப் பற்றி மட்டும் தனியே சொல்ல வேண்டும். அவர் நீதிமன்ற எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். என்னை முன்பின் பார்த்திராத அவர், தினமும் இரவு 9 மணிக்குத் தொலைபேசியில் அழைத்து, லாங்ஸ்டன் 1894இல் வெளியிட்ட, தன்னையே 'அவர்' என்று படர்க்கையில் குறிப்பிட்டுச் செல்லும், 500 பக்கங்களுக்கு மேற்பட்ட தன்வரலாற்றை முழுவதுமாக வாசித்துக் காட்டினார்.

விர்ஜீனியாவில் வெள்ளைத் தோட்ட முதலாளிக்கும் அவர் அடிமைத்தளையிலிருந்து விடுதலை செய்த பெண்ணுக்கும் 1829இல் பிறந்து, நான்கு வயதில் இருவரையும் இழந்த லாங்ஸ்டனுக்குச் சட்டப் பள்ளிகள் இடம் தரவில்லை. வேற்று நாட்டவர் என்று சொல்லிக்கொண்டால் சேர்க்கலாம் என்று ஒரு பள்ளியில் சொன்னபோது அவர் மறுத்துவிட்டார். ஒஹையோவின் எலிரியாவில் பிலிமன் பிளிஸ் என்ற வழக்கறிஞர்தான் அவருக்குச் சட்டம் கற்பித்தார். 1854இல் தகுதித் தேர்வில் தேறிய பிறகும், அவர் உடலில் கறுப்பைவிட வெள்ளை இரத்தமே அதிகம் என்று முடிவு கட்டித்தான் நீதிபதிகள் அனுமதி கொடுத்தார்கள். அந்த இடத்தில் மறுமுனையில் குரல் நின்றது. மூக்குக்கண்ணாடியை மேசைமேல் வைக்கும் ஓசை கேட்டது. பிறகு அதே பத்தியை முதலிலிருந்து, இன்னும் மெதுவாக வாசித்தார்.

1855இல் ஒஹையோவின் பிரவுன்ஹெல்ம் டவுன்ஷிப் என்ற ஊராட்சியின் கிளார்க்காக லாங்ஸ்டன் தேர்ந்தெடுக்கப்பட்டார். அமெரிக்காவில் வாக்குப் பெற்றுப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர்களில் ஒருவர் அவர்; அந்த ஊரில் இருந்த ஒரே கறுப்பரும் அவரே. பிற்காலத்தில் ஹோவர்டு சட்டப் பள்ளியின் தலைவராகவும், ஹெய்ட்டிக்கான அமெரிக்கத் தூதராகவும், நாடாளுமன்ற உறுப்பினராகவும் அவர் உயர்ந்ததால், இந்தச் சிறு பதவியை 'செயலாளர்' என்று மொழிபெயர்த்து ஒரே வரியில் கடந்திருந்தேன்.

"எழுத்தர் என்றே போடுங்கள் ஐயா. ஊர்த் தீர்மானமும் கணக்கும் அவர் கையெழுத்தில்தானே இருந்திருக்கும்?" என்றார் அவர்.

வாழ்நாளெல்லாம் பிறர் வழக்குகளைப் பதிந்துவைத்த ஒருவர் சொன்ன பிறகுதான், அந்த ஒரு வரி தனி அத்தியாயமாக வளர்ந்தது.

புத்தகம் வந்ததும் முதல் பிரதியோடு அவர் வீட்டுக்குப் போவேன். அதற்குள் கண் தெளிந்தால், அந்த அத்தியாயத்தை நானே அவருக்கு வாசித்துக் காட்டுவேன்.