இந்தப் பருவமும் குழந்தைகளின் வாழ்த்து அட்டைகளும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பருவம் முடிய இன்னும் இரண்டு வாரங்கள்தான் இருக்கின்றன. தேர்வுகள் நல்லபடியாக நடந்து முடிந்தன. விளையாட்டு விழாவில் எல்லா வகுப்புகளும் உற்சாகமாகக் கலந்துகொண்டன. சிறு வகுப்புக் குழந்தைகள் நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்துப் போவது கூடியிருக்கிறது. வருகைப் பதிவும் போன பருவத்தைவிட நன்றாகவே இருக்கிறது. இதிலெல்லாம் உங்கள் பங்கு பெரிது. மதிப்பெண் அட்டைகள் வழக்கம்போல் கடைசி நாளில் வகுப்பாசிரியர் வழியாக வந்து சேரும்.

அப்புறம், வாழ்த்து அட்டைகள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

நான்காம், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் ஆறு வாரமாகக் கைவினை வகுப்பில் வாழ்த்து அட்டை செய்துவருகிறார்கள். நன்றி சொல்ல நினைக்கிற ஒருவருக்கு ஆளுக்கு ஓர் அட்டை. வீட்டில் அவர்கள் அரைகுறையாகச் சொல்லியிருக்கக்கூடும் என்பதால், வகுப்பில் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் வெட்டும் கருவி எதுவும் கொடுக்கவில்லை. ஒரு கையைத் தாளின்மேல் விரித்து வைத்து, மை தொட்ட பிரஷ்ஷால் சுற்றிலும் தேய்த்துவிட்டுக் கையை எடுக்கச் சொன்னோம். நிறத்துக்கு நடுவே வெள்ளையாக ஒரு கை நின்றது. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில், ஒரு குகைச் சுவரில் இதே மாதிரி ஒரு கை இருக்கிறது. அது குறைந்தது 39,900 ஆண்டுகள் பழமையானது என்று 2014இல் ஆய்வாளர்கள் கணித்துச் சொன்னார்கள். அந்தப் படத்தைக் காட்டியதும் குழந்தைகள் தங்கள் கையையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மறைத்த இடம் வெள்ளை, மறைக்காத இடம் நிறம். நிறம் படாமல் மறைக்கிற மாஸ்க் என்பது இவ்வளவுதான் என்று அவர்களுக்கு அன்றைக்கே பிடிபட்டுவிட்டது.

இரண்டாம் வாரம் டை வந்தது. ஓரம் கூர்மையான மெல்லிய எஃகு அச்சு அது. கெட்டித் தாளின்மேல் அதை வைத்து, இரண்டு தட்டுகளுக்கு நடுவே அடுக்கி, கைப்பிடியைச் சுற்றினால் உருளைகள் அழுத்தி இலை, பறவை, மேகம் என்று வெட்டித் தரும். விழுகிற துண்டு மாஸ்க், ஓட்டையோடு மிஞ்சுகிற தாள் ஸ்டென்சில். ஒரே வெட்டில் இரண்டும் கிடைப்பதைக் குழந்தைகளே கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

கஷ்டமான பகுதி மை தேய்ப்பதுதான். மையில் தோய்த்த பிரஷ்ஷை நேராக அட்டையின்மேல் வைத்தால் அந்த இடத்தில் திட்டாகக் கறை விழும், பிறகு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. முதலில் பக்கத்தில் ஒரு வேண்டாத தாளில் தட்டிவிட்டு, அங்கிருந்தே சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றிக்கொண்டு அட்டைக்குள் வர வேண்டும். வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு. மஞ்சளும் நீலமும் தொடும் இடத்தில் பச்சை பிறக்கும். ஆரஞ்சும் நீலமும் கலந்தால் சேற்று நிறம்தான் மிஞ்சும். இதை வாயால் எத்தனை முறை சொன்னாலும் குழந்தைக்கு ஏறாது. ஒருமுறை தன் வானத்தைச் சேறாக்கிப் பார்த்த பிள்ளைக்கு, அடுத்த முறை இரண்டு நிறத்துக்கும் நடுவில் கொஞ்சம் வெள்ளை விட வேண்டும் என்று தானே தோன்றும்.

ஒரு பையனின் அட்டையில் சரியாக வானத்தின் நடுவில் கறை விழுந்துவிட்டது. கண் கலங்கிவிட்டான். ஆசிரியை எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தவன் எழுந்துபோய், பறவை ஸ்டென்சிலை எடுத்துவந்து, ஓட்டை சரியாகக் கறைமேல் வரும்படி வைத்து, கருநீல மையைத் தேய்த்தான். கறை பறவைக்குள் போய்விட்டது. அந்த வகுப்பில் நான் அன்று நின்றிருந்தேன். ஆசிரியர் வேலையில் இத்தனை வருடம் இருந்தும் இப்படி ஒன்றைப் பார்க்கும்போது எனக்கு மனசு நிறைந்துவிடுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை அட்டைகளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். உள்ளே வாசகம் எழுதுவது மட்டும்தான் பாக்கி. யாருக்கு என்ன சொல்லலாம் என்று உங்களோடு பேசி எழுதட்டும் என்பதுதான் எண்ணம். ஆனால் திங்கட்கிழமை வந்தவற்றில் பல, நாங்கள் அனுப்பிய அட்டைகளே இல்லை. புதுத் தாள், திட்டே இல்லாத வானம், மூன்று அடுக்காக ஒட்டிய பூக்கள், தங்க நிற எழுத்து. உள்ளே இருந்த வாசகம் பெரியவர்களின் கையெழுத்தில் இருந்தது. எந்த நிறத்தை முதலில் தேய்த்தாய் என்று கேட்டால் சில குழந்தைகளுக்குப் பதில் தெரியவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் எந்த மை வாங்க வேண்டும் என்று ஆசிரியைக்குப் பதினேழு செய்திகள் வந்திருக்கின்றன.

உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. பிள்ளை முகம் வாடினால் நம் கை தானாக நீளும். மற்ற அட்டைகளுக்குப் பக்கத்தில் நம் பிள்ளையின் அட்டை குறைவாகத் தெரியக் கூடாது என்ற கவலையும் நியாயமானதுதான். வந்த அட்டைகள் உண்மையிலேயே அழகாக இருந்தன. உங்களில் சிலருக்கு இதில் நல்ல கைப்பழக்கம் இருக்கிறது என்பதையும் பார்த்தேன்.

ஆனால் அன்றைக்கு நடந்த இன்னொன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தான் செய்த அட்டையை அப்படியே திரும்பக் கொண்டுவந்த ஒரு பெண் குழந்தை, பக்கத்து மேசைகளைப் பார்த்துவிட்டு அதை வெளியே எடுக்கவே இல்லை. அட்டையைக் கொண்டுவர மறந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டாள். சாயங்காலம் பை கீழே விழுந்தபோதுதான் ஆசிரியை அதைப் பார்த்தார். ஆறு வாரம் உழைத்தது அவள். வெட்கப்பட்டதும் அவள்தான். இது நடந்திருக்கக் கூடாது.

ஆகவே சில விஷயங்களைத் தெளிவாகச் சொல்கிறேன். பெரியவர்கள் செய்த அட்டைகள் பருவக் கடைசியில் நடக்கும் அட்டைக் காட்சியில் வைக்கப்பட மாட்டா. அவை இன்று குழந்தைகளிடம் திருப்பித் தரப்படும். அந்தக் குழந்தைகள் வகுப்பிலேயே தங்கள் அட்டையை மறுபடி செய்வார்கள், அதற்கு நான்கு வகுப்பு நேரம் ஒதுக்கியிருக்கிறோம். இனி எந்த அட்டையும் வீட்டுக்கு வராது. மாலை ஆறு மணிக்கு மேல் ஆசிரியர்களின் தனிப்பட்ட எண்ணுக்குச் செய்தி அனுப்பக் கூடாது. இரண்டு குழந்தைகளின் பையில் தாள் வெட்டும் கத்தி இருந்தது. எந்தக் காரணத்துக்காகவும் அதைப் பள்ளிக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். இவற்றில் யாருக்கும் விலக்கு இல்லை.

உதவவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வீட்டில் செய்து பார்க்க ஆசைப்பட்டால் மேசையில் பழைய தாளை விரித்துக் கொடுங்கள். மாஸ்க்கின் ஓரம் தூக்கிக்கொண்டால் மை அடியில் புகுந்துவிடும், அதனால் அதை அசையாமல் பிடித்துக்கொள்ள இன்னொரு கை எப்போதும் தேவைப்படும். அந்தக் கை உங்களுடையதாக இருக்கட்டும். டேப் ஒட்டுவதானால் முதலில் துணியில் ஒருமுறை ஒட்டி எடுத்துவிடுங்கள், பசை குறைந்து தாள் கிழியாமல் வரும். நீரில் கரையும் மை என்றால் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்து ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள், அந்த இடமெல்லாம் வெளிறிப் பனித்துளி போல நிற்கும். அதைப் பார்த்து அவர்கள் போடும் சத்தத்தை நீங்களும் கேட்க வேண்டும். பிரஷ் மட்டும் அவர்கள் கையிலேயே இருக்கட்டும்.

பருவத்தின் கடைசி வெள்ளிக்கிழமை மதியம் கூடத்தில் காட்சி நடக்கும். உங்களுக்கென்று தனியாக ஒரு மேசை போட்டு, தாளும் மையும் மாஸ்க்குகளும் வைத்திருப்போம். நீங்களும் உட்கார்ந்து ஓர் அட்டை செய்யலாம், குழந்தைகள் சொல்லித்தருவார்கள். அன்று உங்கள் வானம் சேறானால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இவ்வளவையும் பொறுமையாகப் படித்ததற்கு நன்றி. தாள்களும் பழைய பிரஷ்களும் கொடுத்து உதவியவர்களுக்கும், அட்டையைத் தொடாமல் அப்படியே திருப்பி அனுப்பியவர்களுக்கும் என் தனிப்பட்ட நன்றி. அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பின்குறிப்பு: வகுப்பின் மாஸ்க்குகளில் பதினொன்று குறைகின்றன. பெரும்பாலும் பறவைகள். பையிலோ புத்தகத்துக்குள்ளோ கிடைத்தால் திருப்பி அனுப்புங்கள். மை படிந்திருந்தாலும் பரவாயில்லை, மறுபடி பயன்படும்.