லண்டன் மதிலோரத்திலிருந்து

அன்புள்ள கதிரேசா,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். அதற்காக மறுபடியும் மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருக்காதே.

இங்கே ரோமர் கட்டிய மதில் இன்னும் இருக்கிறதா என்று கேட்டாயே? இருக்கிறது. ஆனால் எனக்கு ரோமரைவிட அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் அதை என்ன பாடு படுத்தினார்கள் என்பதுதான் பிடித்திருக்கிறது. ஞாயிறன்று செயின்ட் ஆல்ஃபேஜ் தோட்டத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். ரோமர் வேலை அடியில் மட்டும்தான். உச்சியில் செங்கல். 1477இல், இரண்டு அரச குடும்பங்கள் அடித்துக்கொண்ட காலத்தில், காவலுக்காக ஏற்றிக் கட்டியது. நடுநடுவே கறுப்புச் செங்கல் வைத்துச் சாய்சதுரக் கோலம்! காவல் சுவரில்கூடக் கொத்தனாருக்குக் கை சும்மா இருக்கவில்லை.

நோபிள் தெருவில் வேறு மாதிரி. முதலில் கி.பி. 120 வாக்கில் ரோமர் ஒரு கோட்டை கட்டினார்கள். 200 வாக்கில் ஊரைச் சுற்றி மதில் எழுப்பும்போது பழைய கோட்டைச் சுவர் மெலிசாகப் பட்டது. உள்பக்கம் இன்னொரு சுவரை ஒட்டவைத்துவிட்டார்கள். அதன் மேலேயே பின்னாளில் கட்டடங்கள். 1940இல் குண்டு விழுந்து அவை இடிந்த பிறகு தோண்டியபோதுதான் அங்கே கோட்டை இருந்ததே தெரியவந்தது.

டவர் ஹில் பக்கம் ஒரு கொத்தளத்துக்குள் 1852இலும் 1935இலும் உடைந்த கல்லறைக் கற்கள் கிடைத்தன. ரோமரை எதிர்த்துக் கிளம்பிய பிரிட்டன் ராணி பூடிக்காவின் கலகத்துக்குப் பிறகு கஜானாப் பொறுப்பேற்று வந்த கிளாசிசியானஸ் என்ற அதிகாரிக்கு மனைவி எழுப்பியது. பின்னால் வந்த ரோமர்களே அதை உடைத்துக் கட்டுமானத்துக்குப் போட்டுக்கொண்டார்கள். பெரிய மனுஷன் கல்லும் கல்தான்.

அப்புறம், வடக்குப் பக்கம். மதில் ஓடையை மறித்ததில் வெளியே சதுப்பாகிப்போனது. குளிர்காலத்தில் அது உறைந்தால் பையன்கள் விலங்கின் கால் எலும்பைப் பாதத்தில் கட்டிக்கொண்டு, இரும்பு முனைக் கோலால் ஊன்றிச் சறுக்குவார்களாம். பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த எலும்பு ஒன்றை அருங்காட்சியகத்தில் பார்த்தேன். அடிப்பக்கம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. எத்தனை பேர் விழுந்து எழுந்தார்களோ! கண்ணாடிப் பெட்டி மட்டும் இல்லாவிட்டால் தடவிப் பார்த்திருப்பேன்.

சரி, பேத்திக்கு என்ன பெயர் வைத்தீர்கள்? அதை எழுதாமல் விட்டுவிட்டாயே.

அன்புடன்,
சுந்தரம்