செல்விக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்து பழையபடி நேராக நிற்பதைப் பார்த்ததுமே பாதிக் கவலை தீர்ந்தது. நிமோனியாக் காய்ச்சல் விட்டு, மாத்திரையும் முடிந்த பிறகு நுரையீரல் எக்ஸ்ரேயில் வெண்திட்டு ஏன் போகவில்லை என்று கேட்டிருக்கிறாய். ஓய்வுபெற்ற நோய்க்குறியியல் வாத்தியாரிடம் இதைக் கேட்டால் சுருக்கமான பதில் வராது என்பது உனக்குத் தெரியாதா?

மாத்திரை கிருமியைத்தான் கொன்றது. கிருமியை எதிர்க்க ஓடிவந்த வெள்ளணுக்களும் கசிந்த நீரும் புரதமும் இன்னும் உன் நுரையீரலின் காற்றறைகளில் தேங்கியிருக்கும். நான் பாடம் நடத்திய நாளில் நிமோனியாவில் நுரையீரல் ஈரல்போல் கெட்டியாகும் கட்டங்களைச் சிவப்பு ஈரலாதல், சாம்பல் ஈரலாதல் என்று பக்கம் பக்கமாக எழுதுவோம். கடைசிக் கட்டமான 'தீர்வு' ஒரே வரியில் முடிந்துவிடும். அழற்சி, அதாவது கிருமியை எதிர்த்து உடல் நடத்தும் இந்த அமளி, தானாக ஓய்ந்துவிடும் என்பதே அன்றைய எண்ணம். கல்யாணம் முடிந்தால் பந்தல் தானாகவா கழன்று விழுகிறது? ஆள் வந்து பிரிக்க வேண்டும். உடலிலும் அப்படித்தான்.

அந்த ஆட்களில் முதலில் பிடிபட்டது லிபாக்சின் என்ற, உடலே செய்துகொள்ளும் பொருள். 1984இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் சார்லஸ் செர்ஹானும், அதற்கு இரண்டு ஆண்டு முன்பு நோபல் பரிசு பெற்றிருந்த பெங்த் சாமுவேல்சனும் அதைக் கண்டறிந்தார்கள். அழற்சியை மூட்டும் புரோஸ்டாகிளாண்டினும் லியூகோட்ரையீனும் எந்தக் கொழுப்பமிலத்திலிருந்து பிறக்கின்றனவோ, அதே அரக்கிடோனிக் அமிலத்திலிருந்துதான் லிபாக்சினும் பிறக்கிறது. அதைவிட வியப்பு, 2001இல் செர்ஹானும் புரூஸ் லெவியும் குழுவினரும் காட்டியது. அழற்சியின் தொடக்கத்தில் பெருகும் புரோஸ்டாகிளாண்டினே, சிறிது நேரம் கழித்து வெள்ளணுக்களை லியூகோட்ரையீன் செய்வதை விட்டு லிபாக்சின் செய்யும்படி திருப்புகிறது. ஆரம்பித்து வைப்பதே முடிவுக்கும் ஏற்பாடு செய்துவிடுகிறது! இதை முதலில் படித்தபோது வகுப்பில்லாத நாளிலும் யாரையாவது கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

லிபாக்சின், நியூட்ரோபில் என்ற வகை வெள்ளணுக்கள் புதிதாக உள்ளே வருவதைத் தடுக்கிறது. வேலை முடிந்து மடியும் நியூட்ரோபில்களை விழுங்கும்படி, மேக்ரோபேஜ் என்ற துப்புரவு அணுக்களைத் தூண்டுகிறது. விழுங்காமல் விட்டால் அவை வெடித்து, உள்ளே இருக்கும் நொதிகள் காற்றறையின் சுவரையே அரித்துவிடும். அந்தச் சுவரோ மிக மெல்லிய இடத்தில் ஒரு மைக்ரான் தடிப்புக்கூட இல்லை. ஒழுங்காக விழுங்கிய மேக்ரோபேஜோ குணம் மாறி, அழற்சியைத் தணிக்கும் பொருள்களைச் சுரக்கிறது. கடும் ஆஸ்துமா உள்ளவர்களிடம் லிபாக்சின் குறைவாக இருப்பதையும் கண்டிருக்கிறார்கள். அங்கே பிரிக்கும் ஆளுக்குத்தான் பஞ்சம்.

இனி உன் மகன் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய மீன் எண்ணெய் மாத்திரைக்கு வருகிறேன். அவன் ஒன்றும் தெரியாமல் அனுப்பவில்லை. லிபாக்சினைப் போலவே அழற்சியைப் பிரிக்க வரும் ரிசால்வின் என்ற இன்னொரு கூட்டம் மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பமிலங்களிலிருந்தே உடலில் உருவாகிறது. ஆனால் மூலப்பொருளை விழுங்கினால் வேண்டிய இடத்தில் வேண்டிய வேளையில் மருந்து தயாராகிவிடும் என்று நினைப்பது அவசரம். நுரையீரல் கடுமையாகப் பழுதடைந்து செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களுக்கு ஒமேகா-3 சேர்ந்த கலவையைக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று, பலன் தெரியாததால் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. 2011இல் முடிவு வெளியானது. உன் நோய் அவ்வளவு கடுமையானதல்ல என்றாலும், நாகர்கோவிலில் சாளைமீன் குழம்பு கிடைக்கும்போது டப்பா எதற்கு? இது என் தனிக் கருத்து; மகனிடம் சொல்லிவிடாதே.

நம் வயதில் எக்ஸ்ரே தெளிய ஆறு வாரம் ஆவது சகஜம், சிலருக்கு அதற்கும் மேல். அதனால் வேறு டாக்டரைத் தேடாமல், இவர் சொன்ன தேதிக்குப் போய் மறுபடி எடுத்துப் பார். மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் திரும்பினாலோ, சளியில் இரத்தம் தெரிந்தாலோ மட்டும் அன்றைக்கே போ.

இங்கே அவருக்கு இடது கண்ணில் கண்புரை அறுவை முடிந்துவிட்டது. பேப்பரில் வரும் எழுத்துப்பிழைகளை மறுபடி எண்ணத் தொடங்கிவிட்டார். பேத்திக்குப் பரீட்சை முடிந்ததும் இருவரும் ரயிலேறி வருகிறோம். பலாப்பழத்தை யாருக்கும் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
வசந்தா