சந்தேகத் தோமாவா?

ஆசிரியருக்கு வணக்கம்.

இயேசுவின் சீடர்களில் ஒருவரான புனித தோமையாரின் (தோமாவின்) ஜூலை 3 திருநாளையொட்டி வந்த கட்டுரையும் அவரைச் ‘சந்தேகத் தோமா’ என்றே முடித்துவிட்டது. பாவம், அந்த மனிதர்! யோவான் நற்செய்தியின் 20-ஆம் அதிகாரத்தைக் கொஞ்சம் முன்னாலிருந்து படித்துப் பாருங்கள். மற்ற சீடர்களுக்கு, உயிர்த்தெழுந்த இயேசு தம் காயம்பட்ட கைகளையும் விலாவையும் காட்டியாகிவிட்டது. அன்று தோமா அங்கே இல்லை. மற்றவர்கள் பார்த்ததைத் தானும் பார்க்கவேண்டும் என்றார். சரி, தொட்டால்தான் நம்புவேன் என்று அடம்பிடித்தது உண்மை. ஆனால் அவர் தொட்டதாக நற்செய்தியில் ஒரு வரிகூட இல்லை. காயத்துக்குள் அவர் விரலை நுழைத்துவிட்டவர்கள் காரவாஜியோ போன்ற ஓவியர்கள்தான்.

அதே நற்செய்தியின் 11-ஆம் அதிகாரத்தில், கல்லெறியப் பார்த்தவர்கள் இருந்த யூதேயாவுக்கு இயேசு திரும்பக் கிளம்பியபோது, அவரோடு சாக நாமும் போவோம் என்று மற்றவர்களை அழைத்தவரும் இவரே. அதற்கு யாரும் பட்டப்பெயர் வைக்கவில்லை.

அப்புறம், சென்னை சாந்தோமில் உள்ள தோமாவின் கல்லறை பற்றி எழுதும்போது, அவருடையவை எனக் கருதப்படும் எலும்புகள் 1258 முதல் இத்தாலியின் ஓர்த்தோனா நகரில் இருப்பதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

ஒரு வாசகர்,
மயிலாப்பூர், சென்னை.