மூன்று மணிப் பசி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் யாராவது வந்து "நாளைக்குள் வேண்டும்" என்று தலைமாட்டில் நின்றார்கள். இன்று ஞாயிறு. அச்சகம் பூட்டியிருக்கிறது. அடுப்பில் கொண்டைக்கடலை வேகிறது. அது வேகும் நேரம் முழுக்க உனக்குத்தான்.

பட்டறைக்குப் புதிய ரம்பம் வந்ததையும், மகள் உன்னோடு கணக்குப் பார்க்க உட்கார ஆரம்பித்ததையும் படித்துச் சந்தோஷப்பட்டேன். ஆனால் கடைசிப் பத்தியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய்: "மதியச் சாப்பாட்டைப் பார்த்து நாலு மாசம் ஆச்சு, நேரமே இல்லை." நீ அதைக் குறையாக எழுதவில்லை, கொஞ்சம் பெருமையாகத்தான் எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரியும்டா. போன வருடம் வரை நானும் அதே வரியை அதே பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தவன்.

அப்புறம் என்ன ஆயிற்று என்று உனக்குச் சொல்லவில்லை. மயக்கம் போட்டெல்லாம் விழவில்லை. காப்பீட்டுக்காக ரத்தம் கொடுத்தேன், எச்பிஏ1சி, அதாவது ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு, 6.1 சதவீதம் என்று வந்தது. 5.7க்குக் கீழே இருந்தால் இயல்பு, 6.5ஐத் தொட்டால் சர்க்கரை நோய். நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். இந்தப் பரிசோதனையில் ஏமாற்றவும் வழியில்லை, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியை அது காட்டிவிடும். நான் முந்தைய நாள் இரவு ஒழுங்காகப் பட்டினி கிடந்துவிட்டுப் போனேன், அதனால் ஒரு பயனும் இல்லை!

மருத்துவர் மருந்து எழுதவில்லை. ஒரு வாரம் வாயில் போடுவதையெல்லாம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். எழுதினேன். காலையில் காபி, பிஸ்கட். மூன்று மணிக்குக் கண்ணில் பட்டது எதுவோ அது. இரவு பத்து மணிக்கு இரண்டு வேளைச் சாப்பாடு ஒரே தட்டில். இடையிடையே காபி, ஆறு டம்ளர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை. ஒரு கரண்டி 4 கிராம் என்று வைத்தால் 48 கிராம். நாளுக்கு 2000 கலோரி தேவைப்படுகிற ஒருவருக்கு, சேர்க்கப்படும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த அளவு எனக்குக் காபியிலேயே தீர்ந்துபோயிருந்தது. பிஸ்கட்டெல்லாம் கடன் கணக்கு.

சரி, திருந்திவிடலாம் என்று இறங்கினேன். நான் இறங்கினால் எப்படி இறங்குவேன் என்று உனக்குத் தெரியுமே. நமக்குத்தான் அச்சகம் இருக்கிறதே என்று பெரிய தாளில் கட்டம் போட்டு, ஏழு நாள், மூன்று வேளை, இருபத்தொரு விதமான உணவு என்று வண்ணத்தில் அச்சடித்துக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டினேன். திங்கள் ஓடியது. செவ்வாய் பாதி ஓடியது. புதனன்று இயந்திரத்தில் உருளை பழுதானது, இரவு பதினொன்றுக்கு வீட்டுக்கு வந்தேன். அட்டவணையில் ஏதோ ஒரு கீரைக் கூட்டணி என்னைப் பார்த்துச் சிரித்தது. அடுத்த ஞாயிறன்று வாடிப்போன காய்கறியை மூட்டையாகக் கட்டி வெளியே போட்டேன்.

தப்பு எங்கே என்று பிடிபடக் கொஞ்ச நாளாயிற்று. அந்த அட்டவணையை நான் என்னுடைய நல்ல நாளுக்காகப் போட்டிருக்கிறேன். மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்து, கை கழுவிவிட்டு, நிதானமாகக் காய் நறுக்குகிற ஒருவனுக்காக. அப்படி ஒருவன் எங்கள் அச்சகத்தில் இல்லை. திட்டம் போட வேண்டியது அந்த உருளை பழுதான புதன்கிழமைக்குத்தான். அன்றைக்கு ஓடுகிற திட்டம் மற்ற நாட்களில் தானாக ஓடும்.

இன்னொன்றையும் யோசித்துப் பார். உன் பட்டறையில் ஆணி தீர்ந்த பிறகா ஆணி வாங்கப் போகிறாய்? இருப்பு இவ்வளவுக்கு வந்தால் ஆர்டர் போட வேண்டும் என்று கணக்கு வைத்திருப்பாய். நானும் மைக்கும் தாளுக்கும் அப்படித்தான். வயிற்றுக்கு மட்டும், தீர்ந்த பிறகு, அதுவும் பசி தலைக்கேறிய பிறகு தேடுகிறோம். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். எனக்கு முதலில் பறப்பது பேரம் பேசும் புத்தி. மூன்று மணிப் பசியில் நான் ஒத்துக்கொண்ட விலைகளைத் தனியாக எடுத்து வைத்தால் ஒரு சிறிய இயந்திரமே வாங்கியிருக்கலாம். மூன்று மணிக்கு என்ன சாப்பிடுவது என்கிற முடிவை மூன்று மணிக்கு எடுக்கக் கூடாது, அவ்வளவுதான் நான் கண்டுபிடித்தது.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். இருபத்தொரு வேளையை விட்டுவிட்டேன். வேலை நாட்களின் மதியச் சாப்பாடு, ஆறு வேளை, அது மட்டும்தான் திட்டத்தில் உண்டு. காலையும் இரவும் வீட்டில் எல்லோரோடும் எப்படியோ நடக்கிறது. மதியம் ஒழுங்காக விழுந்தால் இரவுத் தட்டு தானாகச் சிறுத்துவிடுகிறது, இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

அந்த ஆறு வேளைக்கும் ஆறு வகை சமைப்பதில்லை. பாகங்களாகச் சமைக்கிறேன், நீ மேசைக்கால் தனி, பலகை தனி என்று செய்து வைப்பதுபோல. தவிடு நீக்காத தானியம் ஒன்று. பருப்போ கடலையோ முட்டையோ ஒன்று. வேகவைத்த காய் இரண்டு. பச்சையாகச் சாப்பிடுவதை அன்றன்று நறுக்குகிறேன். திங்களன்று கடலையோடு எலுமிச்சையும் வெங்காயமும், செவ்வாயன்று அதே கடலை தயிரோடு. நாக்குக்கு அது வேறு சாப்பாடு. அளவுக்குத் தராசு வேண்டாம், கண் போதும்: டப்பாவில் பாதி காய், கால்வாசி தானியம், கால்வாசி புரதம்.

தராசு வேண்டாம் என்றேனே தவிர, ஒருநாள் ஆர்வக் கோளாறில் தாள் எடை போடும் தராசில் அன்றைய காய்கறியை வைத்துப் பார்த்தேன். 90 கிராம். காயும் பழமுமாக நாளுக்கு 400 கிராமாவது வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நான் காய் சாப்பிடுகிறவன் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். உறையவைத்த பட்டாணி, பீன்ஸ் பாக்கெட்டுகளை வாங்க முன்பு கூச்சப்படுவேன், பழையது என்று. பறித்த கொஞ்ச நேரத்திலேயே உறையவைத்துவிடுவதால் சத்து பெரிதாகக் குறைவதில்லை. ஒரு வாரம் குளிர்பெட்டியில் கிடந்து சுருங்கிய பீன்ஸுக்கு இது எவ்வளவோ மேல். கழுவி நறுக்கும் வேலையும் மிச்சம்.

வாரத்தில் இரண்டு முறை சமையல், ஞாயிறு பகலும் புதன் இரவும். ஒரே முறையில் ஆறு நாளுக்கும் செய்துவிடலாமே என்று கேட்பாய். நானும் செய்தேன், பட்டேன். சமைத்த உணவு குளிர்பெட்டியில் மூன்று நாலு நாள்தான் நம்பிக்கையாக இருக்கும். அதற்குமேல் வேண்டுமென்றால் உறைபெட்டியில் வைக்க வேண்டும். இதைவிட முக்கியமானது ஆறவைப்பது. ஒரு ஞாயிறு பெரிய பானையில் சோறு வடித்து, ஆறட்டும் என்று அடுப்பு மேலேயே விட்டுவிட்டுத் தூங்கிப்போனேன். காலையில் டப்பாவில் போட்டுக் கொண்டுபோய், மதியம் நன்றாகச் சூடு பண்ணித்தான் சாப்பிட்டேன். சாயங்காலத்துக்குள் வாந்தி, ஒரு கல்யாணப் பத்திரிகை ஆர்டர் இரண்டு நாள் தள்ளிப்போனது. அதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே "சோறு எவ்வளவு நேரம் வெளியே இருந்தது?" என்பதுதான். பேசிலஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி. அதன் வித்துகள் கொதியிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. எனவே சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் போய்விட வேண்டும், பெட்டி 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். பெரிய பாத்திரத்தில் நடுப்பகுதி ஆறவே ஆறாது. தாழ்வான, அகலமான டப்பாக்களில் பரப்பி வை, சீக்கிரம் ஆறும்.

இதெல்லாம் சரிப்படாத நாளும் வரும். அதற்காக மேசை இழுப்பறை ஒன்றைக் காலி செய்துவிட்டேன், பழைய ரசீது இருந்த இடத்தில் இப்போது உப்பில்லாத வறுத்த கடலை, பாதாம், ஓட்ஸ் இருக்கின்றன. மேசை மேல் இரண்டு பழம். ஒரு கைப்பிடி கடலையோ பாதாமோ, 30 கிராம் அளவு, மூன்று மணியை நாலரை வரை தள்ளிக்கொண்டு போகும். சாப்பாட்டுக்கு அது ஈடாகாது, ஆனால் கண்டதைத் தின்னவிடாது. காபி மூன்று டம்ளராயிற்று, சர்க்கரை அரைக் கரண்டியாயிற்று. மதியம் இரண்டுக்குப் பிறகு காபி இல்லை. குடித்த காஃபீனில் பாதி இறங்கவே ஐந்து மணி நேரம் போலாகிறது, மாலை ஆறு மணிக் காபியோடு படுத்தால் தூக்கம் எங்கிருந்து வரும்?

ஒன்று சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதம் எழுதியதே வீண். நேரம் ஒதுக்குவதற்காக ஒன்றரை மணியிலிருந்து இரண்டு வரை "சாப்பாடு" என்று சந்திப்புப் புத்தகத்தில் எழுதி வைத்தேன், ஒரு வாடிக்கையாளரின் பெயரை எழுதுவதுபோல. அந்த முதல் வாரம் எங்கள் அச்சுக்கோப்பு பையன் என்னிடம் வந்து, "அண்ணே, அப்போ நாங்களும் ஒன்றரைக்கே சாப்பிடலாமா?" என்றான். நான் எழுந்திருக்காததால் அவர்களும் இத்தனை வருடம் எழுந்திருக்கவில்லை. இரண்டரை, மூன்று என்று தள்ளிக்கொண்டே, வேலைக்கு நடுவே நின்றபடி விழுங்கியிருக்கிறார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. முதலாளி பட்டினி கிடந்தால் தொழில்மேல் அக்கறை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அவர்கள் தலையில்தான் விடிந்திருக்கிறது. இப்போது நாலு பேரும் ஒன்றாக உட்காருகிறோம். தொலைபேசி அடித்தால் அரைமணி கழித்துக் கூப்பிடுகிறோம். அதனால் ஒரு வாடிக்கையாளரும் போய்விடவில்லை.

உன் பட்டறையில் எட்டுப் பேர், அதிலும் ரம்பத்தில் நிற்கிறவர்கள். பசி மயக்கத்தில் ரம்பம் ஓட்டுவதை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

ஆறு மாதம் கழித்துப் பார்த்ததில் எச்பிஏ1சி 5.8. தாண்டிவிட்டேன் என்று சொல்ல முடியாது, திரும்பிவிட்டேன் என்று சொல்லலாம். எனக்கு ஒத்துவந்தது உனக்கும் அப்படியே ஒத்துவரும் என்று சொல்லவில்லை. உனக்கு ரத்த அழுத்த மாத்திரை வேறு இருக்கிறது, உப்பு விஷயத்தை உன் மருத்துவரிடமே கேட்டுக்கொள். நாளுக்கு 5 கிராமுக்குக் கீழ் என்பது பொதுவான அளவு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. ஊறுகாயும் சிப்ஸும் அந்தக் கணக்கில் சேரும், அதை மறந்துவிடாதே. உன்னைப் பற்றித் தெரிந்துதான் எழுதுகிறேன்.

ரத்தப் பரிசோதனைக்கு எந்தத் தேதி என்று அடுத்த கடிதத்தில் எழுது. போகிறேன் என்று எழுதாதே, தேதி வேண்டும். உன் வாரத்தில் மோசமான நாள் எது என்பதையும் எழுது, மரம் வந்து இறங்குகிற நாளா, கூலி போடுகிற நாளா? முதல் டப்பாவை அந்த நாளுக்குக் கட்டு.

விடுதியில் நாம் இரண்டு பேரும் காசு போட்டு வாங்கிய அகலவாய் ஃப்ளாஸ்க் உன்னிடம்தானே இருக்கிறது? மூடி கெட்டிருக்காது என்று நினைக்கிறேன். வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிவிட்டு அதில் பருப்பை ஊற்றிக்கொண்டு போ. உனக்கு வேண்டாமென்றால் எனக்கு அனுப்பு, என் பாதிப் பங்கு இன்னும் அதில் இருக்கிறது.

கடலை வெந்துவிட்டது. டப்பாவில் பரப்பப் போகிறேன். தங்கைக்கும் மகளுக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் உன்,
பழைய அறைத்தோழன்