ஒரு வயதுக்குள் தேன் வேண்டாம், காய்ச்சியும் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தேனைக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுத்தால் கைக்குழந்தைக்கு ஆபத்தில்லை என்று சிலர் நம்புகிறார்கள். அது தவறு. தேனில் இருக்கக்கூடியது நச்சு அல்ல; கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள், அதாவது உறங்குநிலையில் இருக்கும் அதன் வடிவம். நச்சாக இருந்தால் 85 டிகிரி செல்சியசில் 5 நிமிடத்தில் சிதைந்துவிடும். வித்துகளோ கொதிநீரையும் தாங்கும். அவற்றைக் கொல்ல அழுத்தத்தோடு 121 டிகிரி தேவை.

பெரியவர்கள் அதே தேனைச் சாப்பிட்டால் ஒன்றும் ஆவதில்லை. குடலில் முன்பே குடியேறிய நுண்ணுயிர்கள் வித்தை முளைக்க விடுவதில்லை. சில மாதக் குழந்தையின் பெருங்குடலில் அந்தக் காவல் இன்னும் அமையவில்லை. வித்து முளைத்துப் பெருகி அங்கேயே நச்சைச் சுரக்கிறது. ரத்தத்தின் வழியே நரம்பு முனைகளை அடையும் நச்சு, தசையைச் சுருங்கவைக்கும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளிவராமல் தடுக்கிறது.

குழந்தைப் பொட்டுலிசம் எனப்படும் இந்நோயில் பெரும்பாலும் முதலில் தெரிவது மலச்சிக்கல். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பிறகு பால் உறிஞ்சுவது குறையும், அழுகுரல் மெலியும், இமைகள் தொங்கும், தலை நிற்காது. தளர்ச்சி இருபுறமும் ஒரே அளவில் மேலிருந்து கீழே இறங்கும். காய்ச்சல் பொதுவாக இருக்காது. மூச்சுத் தசை வரை தளர்ந்த பிறகு பார்ப்பவருக்கு, நோய் திடீரென்று வந்ததாகத் தோன்றும்.

துவண்டு கிடக்கும் குழந்தையைப் பார்த்ததும் மருத்துவர் முதலில் ரத்தத்தொற்றைச் சந்தேகிப்பது இயல்பு. ஆனால் அதற்குத் தரும் ஜென்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகள் இந்தத் தசைத் தளர்ச்சியை இன்னும் மோசமாக்கும். ஆகவே மலச்சிக்கல் எப்போது தொடங்கியது என்பதைப் பெற்றோர் கேட்காமலே சொல்லிவிட வேண்டும். தேன் கொடுக்கவில்லை என்பதால் இந்நோய் இல்லை என்றும் முடிவுகட்டக் கூடாது. மண்ணிலும் தூசியிலும் இதே வித்துகள் உண்டு. பல குழந்தைகளுக்கு நோய் அப்படித்தான் வருகிறது.

மனித ரத்தத்திலிருந்து எடுக்கும், இந்த நச்சை முறிக்கும் எதிர்ப்புரதமான இம்யூனோகுளோபுலினுக்கு அமெரிக்காவில் 2003இல் உரிமம் கிடைத்தது. சராசரியாக ஐந்தரை வாரத்துக்கும் மேல் நீண்ட மருத்துவமனை வாசத்தை அது இரண்டரை வாரம் அளவுக்குக் குறைத்தது. நரம்பில் ஏற்கெனவே ஏறிவிட்ட நச்சை அதனால் இறக்க முடியாது. அதனால்தான் மலப் பரிசோதனை முடிவு வரும்வரை சிகிச்சையை நிறுத்திவைக்கக் கூடாது. மலம் வரவில்லையென்று ஆசனவாயில் கிளிசரின் மாத்திரை வைப்பதும் கூடாது. கிளிசரின் ஆய்வகச் சோதனையைக் கெடுத்துவிடும். மாதிரி எடுக்கப் பாதுகாப்பு வேதிப்பொருள் சேராத கிருமிநீக்கிய நீரைச் சிறிதளவு ஆசனவாய் வழியே செலுத்துவதே முறை.